கண்ணாடி ஏற்றிய காருக்குள் சொட்டு அக்கா

அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குச் சொட்டு அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தேன். நேரம் இவ்வளவு திருத்தமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்பதேகாலுக்கு நான் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். என் காரின் தரையிலோ இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

கடைசல் பட்டறைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே அவருடைய கொட்டகை இருந்தது. உள்ளே ஒரு பச்சைக் கார். அதன் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, துணிக்கூரையை அண்ணாந்து பார்த்தபடி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். வெளியே அவரைவிடச் சற்று மூத்த ஒருவர், ரப்பர் குழாயால் பூச்செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல அந்தக் காரை நனைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கா. உள்ள. இன்னும் நாப்பது நிமிஷத்துக்கு வெளிய வரமாட்டா. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல."

காருக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது. அவர் குழாயை ஒரு சாண் மேலே உயர்த்தினார்.

"ரெண்டு தட்டுன்னா மேல போகணும். ஒண்ணுன்னா நிறுத்தணும். மூணுன்னா நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்."

"என்ன தப்புன்னு எப்படித் தெரியும்?"

"வெளிய வந்து சொல்லுவா. அதனாலதான் இந்த நாப்பது நிமிஷத்தை நான் அவசரப்படுத்தறதே இல்ல."

நான் கண்ணாடிக்கு அருகே போய் வணக்கம் சொன்னேன். உள்ளே இருந்தவர் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஏதோ எழுதினார். வெளியே நிற்பவர் நேராகப் படிக்கும்படி எழுத்துகளைத் திருப்பித் திருப்பி எழுதியிருந்தார்: 'உட்காருங்க'. உட்காருவதற்குக் கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளி ஒன்றுதான் இருந்தது. உட்கார்ந்தேன்.

என் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய, இருபது வயதைக் கடந்த, நான்கு பேர் அமரும் கார் அது. வாங்கிய அன்று என் மனைவி சொன்னது இவ்வளவுதான்: "கூரை இருக்குற காருக்குக் காசு கொடுக்கறவங்களைப் பாத்திருக்கேன். கூரை போற காருக்குக் கொடுக்கறவரை இப்பத்தான் பாக்கறேன்." அதன் பிறகும் ஓர் ஆண்டு அந்தக் காரால் எங்களுக்குள் பூசல் எதுவும் வரவில்லை. மழைக்காலத்தில் என் மாமனார் வந்தார். அவரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரும்போது முதல் சிக்னலில் பிரேக்கை அழுத்தினேன். பின்னிருக்கைக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் முன்னால் பாய்ந்து அவருடைய புதுச் செருப்பை மூழ்கடித்தது. பச்சை விளக்கு எரிந்தது, வண்டி நகர்ந்தது, தண்ணீர் பின்னால் போயிற்று. அடுத்த சிக்னலில் மறுபடியும் வந்தது.

மாமனார் காலைத் தூக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, உங்க கார்ல அலை அடிக்குது."

அவர் மறுநாளே ஊருக்குப் போய்விட்டார். போகும்போது பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகவும், ஒரு மாதம் தங்கப்போவதாகவும் சொன்னார். அன்று இரவே என் மனைவி தீர்ப்பு வழங்கிவிட்டாள்: "அப்பா காலு இன்னொரு தடவை நனைஞ்சுது, திங்கக்கிழமை வண்டி வீட்டை விட்டுப் போகுது. வண்டிக்கு உடம்பு சரியில்லன்னா வைத்தியம் பாக்கலாம். ஆனா இதுல நீங்க எதாவது கையை வச்சிருந்தீங்கன்னு தெரிஞ்சுது, ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூட நான் காத்திருக்க மாட்டேன்."

"நானா? நான் தொடவே இல்லையே" என்றேன்.

அது உண்மையன்று. கோடைக்காலத்தில் ஒரு நாள் பின்னிருக்கையின் முதுகைச் சாய்த்துப் பார்த்தேன். கூரை மடிந்து விழும் இடத்தில் ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம் இருந்தது. அதன் இரு ஓரங்களிலும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒவ்வொரு துளை. காரில் துளை இருந்தால் தண்ணீர் வரத்தானே செய்யும் என்று எண்ணி, குளியலறை ஓரங்களுக்குப் பூசும் வெள்ளைப் பசையால் இரண்டையும் அடைத்தேன். சுற்றிலும் ஒட்டுத்தாள் ஒட்டி, பசை வழியாமல், மிகத் தூய்மையாக அடைத்தேன். இதில் வெட்கப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. வீட்டு இயந்திரங்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவதுதான் என் வேலை. 'அடியிலுள்ள துளையை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது' என்ற வாக்கியத்தைக் குறைந்தது முப்பது கையேடுகளில் எழுதியிருக்கிறேன்.

நாற்பது நிமிடம் முடிந்ததும் சொட்டு அக்கா இறங்கி வந்தார். முதலில் கணவரிடம், "காத்து அடிக்கிற மாதிரி ஏன் பீய்ச்சறீங்க? மழை என்ன உங்க பழைய தண்ணி லாரியிலயா வருது?" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, ஒரு மருத்துவரைப்போல விசாரித்தார்.

"நிக்கும்போது ஒழுகுதா, ஓடும்போதா?"

"நிற்கும்போது தேங்குகிறது. ஓடும்போது அலையடிக்கிறது."

"யாரு காலு நனையுது?"

"மாமனார் காலு."

"அவரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"இல்லை."

"பரவாயில்ல, நம்ம ஆளு காலை வச்சுப் பாத்துக்கலாம். நீங்க எதுலயாவது கையை வச்சீங்களா?"

மனைவியிடம் சொல்லிப் பழகிவிட்ட நாக்கு, "இல்லை" என்றது. அவர் என் முகத்தைக் கூரையைப் பார்ப்பதுபோலவே அண்ணாந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை வாங்க" என்று மட்டும் சொன்னார்.

சொட்டு அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது தார்ப்பாய் வழியாக. அவருடைய தந்தை சரக்கு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தவர். பத்து வயதிலேயே இரட்டைத் தையல் போடக் கற்ற மகள், இருபத்து நான்காம் வயதில், தண்ணீர் லாரியின் தொட்டி மூடிக்கு உறை தைக்க வந்த ஓட்டுநரை மணந்தார். "அவரு லாரி முழுக்கத் தண்ணி. மூடியில ஒரு பொட்டு ஒழுகுதுன்னு வந்தாரு. தண்ணி லாரிக்கு ஒழுகுதுன்னு கவலைப்படற மனுஷன் நல்லவராத்தான் இருப்பாருன்னு நெனச்சேன். சின்ன வயசு" என்பார். லாரியை விற்ற பிறகும் அக்கம்பக்கத்தார் கணவரை லாரிக்காரர் என்றே அழைத்தார்கள்.

முதல் கார் ஒரு பல் மருத்துவருடையது. மூன்று பட்டறைகளில் மூன்று முறை கூரை மாற்றியும் அவருடைய இடது தோளில் மட்டும் சொட்டியது. சொட்டு அக்கா கூரையைத் தொடவில்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்து, கணவரைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒன்றரை மணி நேரம். சொட்டும் இடம் தோளுக்கு மேலே. நுழையும் இடம் முன்கண்ணாடியின் மறுகோடியில் வலது மூலை. நடுவில் துணிக்கு அடியில் ஒரு கம்பி வழியே தண்ணீர் நடந்து வந்திருந்தது. ஓர் அங்குல ரப்பரை மாற்றியதோடு வேலை முடிந்தது. பல் மருத்துவர் ஊரெல்லாம் சொன்னார். 'சொட்டு' என்ற பெயரும் அன்று ஒட்டிக்கொண்டதுதான்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. தண்ணீரைக் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அதன் பிறகே மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது என்பது அவர் வாதம். லாரிக்காரருக்கோ வாழ்நாள் முழுவதும் மேலிருந்து ஊற்றித்தான் பழக்கம். இந்த ஒரு கருத்து வேற்றுமையை வைத்துக்கொண்டு அவர்கள் இருபத்தாறு ஆண்டுகள் குடும்பம் நடத்தியிருந்தார்கள். சண்டையில் பாதி கண்ணாடியின் வழியாகவே நடந்தது. உள்ளே இருப்பவருக்கு வெளியே பேசுவது கேட்காது என்பதால் லாரிக்காரர் தம் தரப்பை முழுமையாக எடுத்துரைக்க முடிந்தது. இன்னொரு பிடிவாதம்: தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்வதில்லை. கூரை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார். இதனால் இழந்த கூரை வேலைகளின் எண்ணிக்கை லாரிக்காரருக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை என் மனைவியும் உடன் வந்தாள். "என்ன கோளாறுன்னு என் காதால கேக்கணும்" என்றாள்.

சொட்டு அக்கா முதலில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவின் ரப்பருக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, காகிதத்தை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருக்கும் இடத்தில் அது வரவில்லை. இடப்பக்கத்தில் ஓரிடத்தில் வெண்ணெய்போல நழுவி வந்தது. அங்கே சுண்ணக்கட்டியால் குறி போட்டார். பிறகு ரப்பர் முழுவதும் முகப்பவுடர் தூவி, கதவை அடைத்துத் திறந்து, பவுடர் எங்கே படியவில்லை என்று பார்த்தார். "வண்டிக்கு அலங்காரம் எல்லாம் நடக்குது" என்றாள் என் மனைவி. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. எனக்குக் கலக்கமாக இருந்தது.

"நீங்களும் உள்ள வாங்கம்மா" என்று அவளை முன்னிருக்கையில் அமர்த்திவிட்டு, சொட்டு அக்கா பின்னிருக்கையில் ஏறினார். கண்ணாடிகள் ஏறின. நானும் லாரிக்காரரும் வெளியே. குழாய் கீழிருந்து தொடங்கியது. உள்ளே இருவரும் சிரித்துப் பேசுவது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்ன பேசறாங்க?" என்றேன்.

"நம்மளைப் பத்தித்தான். வேற என்ன இருக்கு?" என்றார் லாரிக்காரர்.

இருபத்தைந்தாம் நிமிடம் சொட்டு அக்கா பின்னிருக்கையின் முதுகைச் சாய்த்தார். வாய்க்காலுக்குள் கையை விட்டார். கை அசையாமல் நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி, பின்கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். என் மனைவி முன்னால் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு அக்கா பின்கண்ணாடியின் ஆவியில் விரலால் எழுதினார்: 'யாரு?'

ஒரு கணம் லாரிக்காரரைக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு விரலை என் மார்பின்மேல் வைத்தேன்.

அவர் வெள்ளைத் துண்டால் எழுத்தைத் துடைத்தார். முதுகை எங்களுக்குக் காட்டிக் குனிந்தார். அடுத்த நொடி காருக்கு அடியில், வாளியைக் கவிழ்த்ததுபோலத் தண்ணீர் கொட்டியது. லாரிக்காரர் துள்ளிப் பின்வாங்கினார். சிறிது நேரத்தில் மறுபக்கமும் கொட்டியது.

கதவு திறந்தது. என் மனைவி குனிந்து பார்த்து, "இவ்வளவு தண்ணியா! என்னங்க அடைச்சிட்டிருந்துச்சு?" என்று கேட்டாள்.

"சருகும்மா" என்றார் சொட்டு அக்கா. மூடிய கை துண்டுக்குள் இருந்தது. "இந்த மாதிரி கார்ல கூரை வழியா கொஞ்சம் தண்ணி வர்றது சகஜம். அது பின்னால வாய்க்கால்ல விழுந்து, ரெண்டு ஓட்டை வழியா, குழாயில இறங்கி, ரோட்டுக்குப் போயிடணும். அதை அடைச்சா போக வழி இல்லாம உள்ள திரும்பிடும். மரத்தடியில நிறுத்தினா சருகு சேந்து போகும்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியாவா சேரும்?" என்றார் லாரிக்காரர்.

சொட்டு அக்கா கார்க் கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டினார். லாரிக்காரர் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

என் மனைவி சலவைக் கடைக்காரியுடன் பேசப் போன நேரத்தில் அவர் என்னைத் தனியே அழைத்தார். உள்ளங்கையில் இரண்டு வெள்ளை அடைப்புகள் இருந்தன. அழகான அடைப்புகள், அதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

"நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க சார். எங்கிட்ட வேலை பாத்திருந்தா உங்களை இதுக்கே வச்சிருப்பேன்."

"மிக்க நன்றி அக்கா. இதை எப்படி..."

"இருங்க. தண்ணி விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்ல. இன்னிக்கு உங்களுக்காக ஒண்ணு சொல்லிட்டேன். அந்தம்மா முகத்தைப் பாத்தா உங்க வண்டி இன்னிக்கே போயிருக்கும் போல இருந்துச்சு. நல்ல வண்டி, பாவம். அதனால நீங்க எனக்கு ஒரு பொய் கடன்."

"பொய்யா?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட. என்னிக்காவது எனக்குத் தேவைப்படும். நான் கேக்கற அன்னிக்கு, என்ன ஏதுன்னு கேக்காம, முகம் மாறாம சொல்லணும். சரியா?"

சரி என்றேன். "முகம் மாறாமன்னு சொன்னேன். இப்பவே மாறுது பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் மழை. என் மாமனார் நிலைய வாசலில் காரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கால்களிலும் பாலித்தீன் பை மாட்டி, ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டுதான் ஏறினார். முதல் சிக்னலில் பிரேக் போட்டேன். அவர் இரண்டு கால்களையும் உயரத் தூக்கினார். எதுவும் வரவில்லை. ஐந்து சிக்னலிலும் தூக்கினார். வீட்டு வாசலில் இறங்கும்போது அவருடைய குரலில் சிறிது ஏமாற்றம் தெரிந்தது.

"ஏன் மாப்பிள்ளை, கடல் வத்திடுச்சா?"

கார் வீட்டில் தங்கியது.

அதன் பிறகு நான் மாதம் தவறாமல் கொட்டகைக்குப் போனேன். அவர் சொல்லச் சொல்லக் கையேடு போன்ற ஒரு தாளை எழுதிக் கொடுத்தேன். அது கொட்டகைச் சுவரில் ஒட்டப்பட்டது. மாதம் ஒரு முறை இரண்டு துளைகளிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அடியில் வருகிறதா என்று பார்க்கவும். அடைத்துக்கொண்டால் நைலான் கயிற்றை விடவும். இரும்புக் கம்பி குழாயைக் கிழிக்கும், காற்றழுத்தம் குழாயைக் கழற்றிவிடும். ரப்பருக்குச் சமையல் எண்ணெயோ என்ஜின் எண்ணெயோ ஆகாது. ரப்பருக்கென்று விற்கும் பசையை மெல்லத் தடவவும். துணியை மென்மையான சோப்பால் கழுவி, நன்கு உலர்ந்த பிறகே தண்ணீர் ஒட்டாத மருந்தைத் தெளிக்கவும். ஈரக் கூரையை மடிக்காதீர்கள். கடைசி வரியாகத் துளையை அடைக்க வேண்டாம் என்று எழுதச் சொல்லிவிட்டு, சொட்டு அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொன்றாம் முறையாக எழுதினேன்.

கடனை நான் மறக்கவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் குளிக்கும்போது பயிற்சி எடுத்தேன். 'ஆமாம், அக்கா அன்றைக்கு இங்கேதான் இருந்தார்', 'இல்லை, நான்தான் உடைத்தேன்' என்று எல்லா வகையிலும் இரண்டிரண்டு வைத்திருந்தேன். தொலைபேசியில் அவருடைய குரல் கேட்டாலே முகத்தை நேராக்கிக்கொள்வேன். "சார், உங்க துண்டை இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க" என்பார்.

மூன்றாம் ஆண்டில் நாள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். புகைப்படக்காரர் ஒருவருடைய சிவப்புக் காரில் முன்கண்ணாடிக்கு மேலுள்ள ரப்பர்தான் குற்றவாளி என்று சொட்டு அக்கா சொன்னபோது, அவர்கள் இருவரைத் தவிர அந்த இடத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். பக்கக் கண்ணாடியின் ரப்பர்தான் என்பது லாரிக்காரர் கட்சி. முன்ரப்பரை வரவழைத்து மாற்றினார்கள். அடுத்த மழையில் புகைப்படக்காரர் நனைந்த கேமராப் பையோடு வந்து நின்றார்.

லாரிக்காரர் குழாயைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்த முகம் அது.

"சார், நீங்க படிச்சவரு. சொல்லுங்க. அன்னிக்கு இவ முன்ரப்பர்னு சொன்னாளா, பக்க ரப்பர்னு சொன்னாளா?"

சொட்டு அக்கா சிவப்புக் காருக்குள், ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு தட்டு போதும். 'பக்க ரப்பர்' என்று முகம் மாறாமல் சொல்லிவிடுவேன். சொல் தொண்டையில் தயாராக நின்றது.

கண்ணாடி இறங்கியது.

"அவரை ஏன் கேக்கறீங்க? முன்ரப்பர்னுதான் சொன்னேன். தப்புதான். நீங்க சொன்னதுதான் சரி."

இத்தனை ஆண்டுகளாகத் தோற்றே பழகிய லாரிக்காரருக்கு வென்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. குழாயை ஒரு முறை உதறினார். பிறகு, "கண்ணாடியை ஏத்து, நனைஞ்சிடப் போற" என்று சொல்லிவிட்டு, சிவப்புக் காரின் கீழ் விளிம்பிலிருந்து, ஓரிடத்துக்குப் பத்து நிமிடம் வீதம், பொறுமையாக ஊற்றத் தொடங்கினார்.

வேலை முடிந்ததும், "அக்கா, நான் தயாராகத்தானே இருந்தேன்?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். உங்க மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? உங்க பொய்யை வச்சுக்கிட்டு நான் எங்க தப்பிக்கிறது? இருக்கட்டும், வேற எதுக்காவது ஆகும்."

சென்ற மார்ச் மாதம், தாழ்ந்த கார்களுக்குள் ஏறி இறங்க முழங்கால் இடம் தரவில்லை என்று சொட்டு அக்கா கொட்டகையைத் தம் தங்கை மகளிடம் ஒப்படைத்தார். விடைபெற என் மனைவியோடு போயிருந்தேன். லாரிக்காரர் ஆணி, திருகாணி டப்பாக்களைக் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு டப்பாவிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் இரண்டு வெள்ளை அடைப்புகள் உருண்டு வந்தன. பதினோரு ஆண்டுகளாகியும் விளிம்பு சிதையவில்லை.

"இது என்னடி?" என்று அவற்றை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார்.

என் மனைவியும் எட்டிப் பார்த்தாள். அந்த வெள்ளைப் பசையை அவள் நன்கு அறிவாள். எங்கள் குளியலறையில் அதன் குழல் பாதி தீர்ந்து கிடந்ததைப் பற்றி ஒரு காலத்தில் என்னை விசாரித்தவள். நான் வாய் திறந்தேன். பயிற்சி எடுத்த அத்தனை பொய்களில் ஒன்றுகூட வரவில்லை.

சொட்டு அக்கா திரும்பியும் பார்க்காமல் தம் வெள்ளைத் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்:

"சருகு."

லாரிக்காரர் தம் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு சருகையும் மறுபடி டப்பாவில் போட்டு மூடினார்.

ஆக, நான் அவருக்குத் தர வேண்டிய பொய்கள் இப்போது இரண்டு. இரண்டில் ஒன்றையும் அவர் இன்றுவரை கேட்கவில்லை.